தனித்து நின்ற கள்ளித் தூறு

இன்று காலை ராசிபுரம் சாலையில் பஸ் பழுதாகி நின்றது. இறங்கி வேலியோரம் போனேன். ஒரு சப்பாத்திக்கள்ளி மட்டையில் பஞ்சுபோல வெள்ளையாகக் கள்ளிப்பூச்சி அப்பிக்கிடந்தது. கை சும்மா இருக்காமல் ஒன்றை நசுக்கினேன். விரலெல்லாம் சிவப்பு. நீ இறந்து மூன்று மாதம் ஆகிறது. இதை வேறு யாரிடமும் பேச முடியாது என்பதால் உனக்கே எழுதுகிறேன்.

கள்ளி ஒழிப்பு வேலைக்கு நாம் இருவரும் ஒன்றாகச் சேர்ந்தோம். ஒரு கள்ளித் தூறில் நின்று, அடுத்த தூறுக்கு எத்தனை எட்டு என்று நடந்து பார்த்து, வரைபடத்தில் புள்ளி வைக்க வேண்டும். எல்லாம் சிதறிக் கிடப்பதாக நான் நினைத்தேன். நீதான் முதலில் கவனித்தாய்.

"தாய்த் தூறெச் சுத்தியே குட்டி மொளைக்குது பாரு. மட்டை உழுந்த எடத்துல வேரு உடுது" என்றாய்.

கள்ளியின் சாற்றை உறிஞ்சி அதை அழிப்பது இந்தப் பூச்சிதான். கூட்டமாக இருக்கும் கள்ளியில் அது தானாகப் பரவிவிடும். தனியாக நிற்கும் தூறுக்குத்தான் ஆள் போய்ப் பூச்சி விட வேண்டும். வரைபடமே அதற்காகத்தான்.

உன் அக்காவின் காட்டில் அப்படி ஒன்று நின்றது. பக்கத்துத் தூறு நானூறு எட்டுக்கு அப்பால் இருந்தது. கணவர் இறந்தபின் இரண்டு மாடுகளை வைத்துப் பால் ஊற்றிப் பிழைத்தவர் அக்கா. மழை இல்லாத வருடங்களில் முள்ளைத் தீயில் பொசுக்கி, மட்டையை நறுக்கிப் போட்டுத்தான் அவற்றைக் காப்பாற்றினார். நமக்குக் கம்பஞ்சோறு போட்டுவிட்டுக் கேட்டார்.

"ஏஞ்சாமி, அதெ மட்டும் எழுதாம உட்டுருங்க. அது யாரெ என்ன பண்ணுச்சு?"

"உட்டுரலாமப்பா" என்று என் முகத்தைப் பார்த்தாய். நானும் தலையாட்டினேன்.

தலையாட்டிய நானேதான் சாயங்காலம் அந்தத் தூறுக்குப் புள்ளியும் வைத்தேன். பொய்யான வரைபடம் கொடுக்க மாட்டேன் என்று எனக்கு நானே பெருமை பேசிக்கொண்டேன். அது முழுப் புளுகு. முந்தின நாள் மேலதிகாரி முன்னால் என் எண்ணிக்கையில் பிழை கண்டு நீ சிரித்தாய். அந்த எரிச்சலில் செய்தேன். காரணம் அவ்வளவுதான்.

அடுத்த மாதம் ஆள் வந்து பூச்சி விட்டுப் போனான். தூறு அழுகி விழுந்தது. மறு வருடம் மழை இல்லை. மாடுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்தன, எழவில்லை. அக்கா ஆள் பிடிக்க வந்த கங்காணியோடு தேயிலைத் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போனார். அங்கே காய்ச்சலில் இறந்த செய்தி ஒரு கார்டில் வந்தது. அதை என்னிடம் காட்டிவிட்டு மடித்துப் பையில் வைத்தாய். அன்றும் என்னோடு நடந்து தூறு எண்ணினாய். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நீ படுக்கையில் விழுந்தபிறகுதான் நான் வாய் திறந்து, புள்ளி வைத்ததைச் சொன்னேன்.

"தெரியும்" என்றாய். "சுத்தப்பிரதி நாந்தான எழுதுனேன். ரெண்டு நாளு எங்கையிலதான் இருந்துது. அந்தப் புள்ளியெ உட்டுட்டு எழுதியிருக்கலாம். வேலெ போயிருமோன்னு பயந்துட்டேன். நீ அழுவாத."

பழியில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு என்னை ஆற்ற நினைத்தாய். எனக்கு ஆறவில்லை. நீ என்னை வெறுக்கிறாயோ என்று பயந்துகொண்டே இத்தனை வருடமும் உன் பக்கத்தில் நடந்தேன். நீயோ உன்னையே வெறுத்துக்கொண்டு நடந்திருக்கிறாய். கார்டு வந்த அன்றே நான் வாய் திறந்திருந்தால் இருவரும் சேர்ந்து அழுதிருப்போம். அக்காவுக்குச் செய்ததோடு, உன்னைத் தனியாக அழவிட்டதையும் நான் சுமந்துகொண்டிருக்கிறேன்.