தோற்ற ஊரின் மாப்பிள்ளை

மச்சான்,

இன்று காலை என் வீட்டுக் கொடியில் வேற்றூர் ஜெர்சி ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. புது மருமகனுடையது. மகளைக் கலியாணம் முடித்த பிறகு, எங்கள் பக்கத்து வழக்கப்படி, அவர் தன் ஊரை விட்டு என் வீட்டோடு வந்துவிட்டார். ஆனால் வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்தால் போதும், மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு நிந்தவூருக்கு ஓடுகிறார், பிறந்த ஊர்க் கழகத்துக்குப் பந்தடிக்க. கல்முனையில் கழகங்களுக்கா பஞ்சம் என்று கேட்டேன். அங்கே என்றால் பார்க்க ஆட்கள் வருவார்கள் மாமா என்றார். எனக்குச் சுருக்கென்றது. கொடிக்குக் கிட்டப் போனேன். சவர்க்காரத்தையும் மீறி மைதானத்துச் சேற்று வாடை ஜெர்சியில் ஒட்டிக்கொண்டிருந்தது. உடனே உன் ஞாபகம் வந்தது, கூடவே பொறாமையும் வந்தது. உன்னை நினைத்தால் எனக்கு முதலில் வருவது பொறாமைதான். கவலை கொஞ்சம் பிந்தித்தான் வரும்.

நீ மௌத்தாகி, மண்ணுக்குள் போய், ஒரு மாரி கழிந்துவிட்டது. மௌத்தானவன் மேல் பொறாமைப்படக்கூடாது என்று எந்த மௌலவியும் பயான் பண்ணி நான் கேட்டதில்லை. ஆகவே தாராளமாகப் படுகிறேன்.

தொண்ணூறுகளில் நாம் இருவரும் கூட்டாளிகள், கல்முனையில் ஒரே தெரு, ஒரே கழகம். நீ முன்னால் ஓடி அடிப்பவன், நான் கோல் காப்பவன். நல்ல கழகம்தான் நம்முடையது. புடைவைக் கடை முதலாளி ஒருவர் வருஷா வருஷம் ஜெர்சி தருவார், ஆனால் ஒரு மெட்ச்கூட வந்து பார்த்ததில்லை. ஒருமுறை கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு பஜார் வழியே வந்தோமே, நினைவிருக்கிறதா? பழக்கடைக் காக்கா நம்மை நிறுத்தி, "தம்பிமார் எந்த ஊர் டீம்?" என்று கேட்டார். கல்முனைதான் என்றோம். "கல்முனையில எது?" என்றார். நீ சிரித்தாய். எனக்கு அந்தக் கிண்ணத்தை அவருடைய தோடம்பழக் குவியலுக்குள் போட்டுவிட்டு வரலாம் போல இருந்தது.

பெரிய ஊரில் பிறந்தவனுக்கு இதுதான் தலைவிதி. ஊருக்குள்ளேயே குறிச்சிக்கு ஒரு கழகம். நாம் வென்றால் அடுத்த குறிச்சிக்காரனுக்கு வயிற்றெரிச்சல், தோற்றால் அவனுக்குப் பெருநாள். மற்றவர்களுக்கு நாம் விளையாடியதே தெரியாது. ஊருக்குப் பெருமை வேண்டுமென்றால் ஆசுபத்திரி இருந்தது, சந்தை இருந்தது, நீதிமன்றம் இருந்தது. பந்துக்கு அங்கே என்ன வேலை? கிரிக்கெட்டில் நாடு உலகக் கிண்ணம் வென்ற பிறகு நம் தெருப் பொடியன்களும் மட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பந்துக்குக் காற்றடிக்கக்கூட ஆள் தேட வேண்டியிருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் நீ நற்பிட்டிமுனையில் கலியாணம் முடித்தாய். சைக்கிளில் போகிற தூரம்தான், ஆனால் வேறு உலகம். வயலும் வயல் சார்ந்த வேலையும். ஊருக்கென்று ஒரேயொரு கழகம், அதுவும் தோற்பதில் பேர்போன கழகம். முதல் வருஷம் நீ வழக்கம்போல நம்மோடுதான் ஆடினாய். அடுத்த வருஷம் சுற்றுப்போட்டிக்குப் பெயர் கொடுக்கும் நேரத்தில் என் வீட்டு வாசலுக்கு வந்து, சைக்கிளை விட்டு இறங்காமலே நின்றாய். எனக்கு விளங்கிவிட்டது.

"மச்சான், நான் அந்தப் பக்கம் வெளாடப் போறன்" என்றாய்.

அவனுகள் தோற்கிற ஆட்கள், உனக்கென்ன பைத்தியமா என்று கேட்டேன்.

"ஓம், தோக்கிறவனுகள்தான். ஆனா அங்க தோத்தா ராவைக்கு ஒரு வீட்டுலயும் ஒழுங்காச் சோறு எறங்காது. நாம தோத்தா ஆருக்குடா தெரியும்?"

நீ சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாய். 

அந்த வருஷ இறுதிப் போட்டியில் விதி நம்மை எதிரெதிரே நிறுத்தியது. நம் மைதானம், நம் ஊர். ஆனால் எங்கள் பக்கம் பார்க்க வந்தவர்களை ஒரு வேப்பமர நிழலுக்குள் அடக்கிவிடலாம். உன் பக்கம் உழவு மெசின் பெட்டிகளில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். வயல் சேறு காயாத கால்களோடு வந்தார்கள். பின்னேரத் தேநீரைக் கேத்தலோடு கொண்டுவந்தார்கள். வந்த கூட்டம் முழுக்க என் கோலுக்குப் பின்னால் வந்து நின்றது. உன் மாமனாரும் வந்திருந்தார். பந்தைக் கையால் எடுக்கலாமா கூடாதா என்பதுகூட அவருக்குச் சரியாகத் தெரியாது. ஆனால் மருமகனை மரியாதை குறைத்துக் கூப்பிடக்கூடாது என்பது மட்டும் தெரியும். "மாப்பிள்ள, அடிங்க! மாப்பிள்ள, உடாதீங்க!" என்று அவர் தொடங்கிவைக்க, கூட்டம் முழுக்க அதையே பிடித்துக்கொண்டது. மூக்கொழுகும் பிள்ளைகளும் உன்னை மாப்பிள்ளை என்றார்கள். வாங்க, போங்க, அடிங்க என்று மரியாதை கொடுத்துக் கத்துகிற கூட்டத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. நான் கல்முனை மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவன். என் பெயரை அன்றைக்கு ஒரு வாய் சொல்லவில்லை.

முடிகிற நேரத்தில் நாங்கள் ஒரு கோலால் முன்னுக்கு இருந்தோம். மூலையிலிருந்து வந்த பந்தை நீ எழும்பித் தலையால் அடித்தாய். நான் இடப்பக்கம் விழுந்து கோட்டின் மேல் வைத்துப் பிடித்தேன். பின்னால் கூட்டம் கோல் என்று எழும்பிவிட்டது. ரெபரி இல்லையென்று கையசைத்தார். மச்சான், அது கோல் இல்லை. நீ சாகும்வரை என்னிடம் அதைப் பற்றிக் கதைத்ததில்லை, ஆனால் உன் முகத்தைப் பார்த்தால் நீ நம்பவில்லை என்று தெரியும். அது கோல் இல்லை.

நாம் வென்றோம். அதாவது, நான் வென்றேன், நீ தோற்றாய். ரெண்டு மூன்று பேர் வந்து என் தோளில் தட்டினார்கள். அந்தப் பக்கம் தோற்ற உன்னை உழவு மெசின் பெட்டியில் ஏற்றி, நடுவில் நிற்கவைத்து, ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள். நீ அழுதுகொண்டிருந்தாய், உன்னைச் சுற்றி நின்ற பெரிய மனிதர்களும் அழுதார்கள். நான் கிண்ணத்தை வைத்துக்கொண்டு பஸ் தரிப்பிடத்தடியில் நின்று அதைப் பார்த்தேன். அந்த நேரம் எவனாவது வந்து மாற்றிக்கொள்வோமா என்று கேட்டிருந்தால் கிண்ணத்தை அப்போதே கொடுத்திருப்பேன்.

யுத்தம் நடந்த அந்த நாட்களில் மஃரிபு தொழுது இருட்டிய பிறகு ஊர் விட்டு ஊர் போவது லேசான காரியம் இல்லை. அடுத்த நாள் விடிந்ததும் உன்னைப் பார்க்க வந்தேன். உன்னைத் தேற்ற வந்ததாக நீ நினைத்தாய். இல்லை, நீ சொன்னது உண்மையா என்று பார்க்கத்தான் வந்தேன். உண்மைதான். மௌத்து வீடு போலத்தான் இருந்தது. முதல் நாள் ஆக்கிய சோறு அப்படியே தண்ணீருக்குள் கிடந்தது. உன் மனைவி இஞ்சிபோட்ட வெறுந்தேத்தண்ணி அனுப்பினாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. உன் மாமனார்தான் என்னைப் பாயில் இருத்தி, "மகன் நல்லாத்தான் காத்தீங்க. ஒங்களுக்கும் இஞ்ச ஒரு பொண்ணப் பாத்திரிக்கலாம்" என்றார்.

பகிடிக்குத்தான் சொன்னார். ஆனால் நான் சைக்கிள் மிதித்து வந்த வழியெல்லாம் அதையே யோசித்தேன். நான் முடித்தது உம்மா வீட்டிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில். கல்முனையில் பிறந்து கல்முனையிலேயே மாப்பிள்ளையாகி, ஊர் மாறுகிற பாக்கியமே எனக்குக் கிடைக்கவில்லை. அன்றைக்குப் பகல் சோற்றில் உப்புக் கூடிப்போச்சு என்று மனைவியோடு சண்டை பிடித்தேன். பாவம், அவள் செய்த குற்றம் எங்கள் தெருவில் பிறந்ததுதான்.

பிறகு நீ அந்த ஊருக்காக எத்தனையோ தரம் தோற்றாய். தலை வழுக்கை விழுந்து, பேரப்பிள்ளை கண்டு, கோட்டுக்கு வெளியே நின்று கத்துகிற ஆளாகிவிட்ட பிறகும் நீ அவர்களுக்கு மாப்பிள்ளைதான். இடையில் சந்தையில் காணும்போதெல்லாம் உன்னிடம் சலாம் சொல்வதற்கு முன்னால் உன்னோடு யார் யார் வருகிறார்கள் என்று பார்ப்பேன். எப்போதும் யாராவது இருந்தார்கள்.

உன் மௌத்துச் செய்தி கேட்டு உன் கூடப்பிறந்த காக்காமார், வாப்பாவும் உம்மாவும் கிடக்கிற கல்முனை மையவாடியில்தான் அடக்க வேண்டும் என்று கதைக்கப் போனார்கள். நானும் அவர்களோடு போனேன். அந்த ஊர்க்காரர்கள் ஒருவரும் வாக்குவாதப்படவில்லை. நாங்கள் போகும்போதே தங்கள் ஊரிலேயே கபுறைத் தோண்டி முடித்திருந்தார்கள்.

கடைகள் பூட்டியிருந்தன. பள்ளிவாசலுக்கு முன்னால் ரோட்டு நிறைய ஆட்கள். உன் சந்தூக்குக்குத் தோள் கொடுக்க நான் முண்டிப் பார்த்தேன், இடம் கிடைக்கவில்லை. கைக்கு மேல் கை. ஜனாஸாவிலும் உன் மேல் எனக்குப் பொறாமைதான், மச்சான். அல்லாஹ் மன்னிக்கட்டும். கடைசியில் என் வயது மதிக்கத்தக்க ஒருவர், முன்பக்கம் பிடித்து நடந்தவர், என்னைத் திரும்பிப் பார்த்தார். நடந்துகொண்டே மெல்லக் கேட்டார்.

"நீங்க அண்டைக்கு கோல் காத்த கல்முனை ஆள்தானே?"

ஓம் என்றேன்.

"அது கோல்தான்" என்றார். முகத்தில் சிரிப்பில்லை. பிறகு தன் தோளை விலக்கி, "இஞ்ச வந்து புடிங்க" என்றார்.

உன்னைச் சுமந்துகொண்டு மையவாடி வாசல்வரை போனேன். அது கோல் இல்லை என்ற சொல் வாய்வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். நான் மௌத்தானால் எங்கள் பள்ளி ஒலிபெருக்கியில் இன்னாருடைய கணவர், இன்னாருடைய வாப்பா என்று அறிவிப்பார்கள். பந்து பிடித்தவன் என்று கல்முனையில் சொல்ல ஒருவரும் இல்லை. என் பெயர் தெரியாவிட்டாலும் என்னை ஒரு கோல் காப்பவனாக மனதில் வைத்து, இத்தனை வருஷம் கழித்தும் கோபம் ஆறாமல் இருக்கிற ஒரு மனிதன் உன் ஊரில் இருக்கிறான். அன்றிலிருந்து ஒவ்வொரு தொழுகையிலும் உனக்குப் பிறகு அவனுக்கும் துஆக் கேட்கிறேன், நீண்ட ஆயுளை அவனுக்குக் கொடு என்று.