பெட்டியில் போட்ட சீட்டு

அன்புள்ள பூங்காவனத்துக்கு,

எழுத்து மேலும் கீழுமாக ஓடுவதைப் பொறுத்துக்கொள். எழுதக் கற்று நான்கு மாதம்தானே. ஆனாலும் இது முழுக்க நானே எழுதியது! நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா?

இந்த ஜெர்மன் கம்பெனியில் யார் ஆபத்தைக் கண்டாலும் சீட்டெழுதிப் பெட்டியில் போடவேண்டும். போன வாரம் பெருக்கும்போது, கிரேனில் இயந்திரத்தைத் தூக்கும் பட்டை கிழிந்திருப்பதைப் பார்த்தேன். தமிழிலேயே எழுதிப் போட்டேன். உடனே கிரேனை நிறுத்திவிட்டார்கள். அன்று அனுப்பவேண்டிய இயந்திரம் போகவில்லை.

சீட்டை அதிகாரிகளுக்குப் படித்துச் சொன்னது ஆபீசில் இருக்கும், தமிழ் படிக்கத் தெரிந்த செகந்திராபாத் பெண் பூர்ணா. 'ஏன்' என்பதை அவள் ஊர்ப் பேச்சில் 'கைக்கு' என்பாள். "கைக்கு, தாத்தா, பேர் போட்டீங்க? சூப்பர்வைசர் கோவமா இருக்காரு" என்றாள்.

"எழுதக் கத்துக்கிட்டதே பேர் போடத்தானேம்மா" என்றேன். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபதாம் தேதி ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். வயதைக் காட்டி வேலையை விட்டு அனுப்பிவிடுவார்களோ என்னவோ.

நீ கவலைப்படாதே. அதற்குள் என் பழைய கண்ணாடியை அனுப்பு. கூடவே கொஞ்சம் பருப்புப்பொடி. தனியாக உட்கார்ந்தால் சோறு இறங்கவில்லை.

இருபதாம் தேதி அவர்கள் எந்தத் தாளை நீட்டினாலும் பெருவிரலை நீட்டமாட்டேன். பூர்ணாவைத் தமிழில் எழுதித் தரச்சொல்லி, படித்த பிறகுதான் கையெழுத்து. வேலை இருந்தாலும் போனாலும் அடுத்த வாரம் உனக்கு எழுதுவேன்.

முனிரத்தினம்