வெந்நீர் விடுதிக்கு வந்த எச்சரிக்கை

மலைச்சரிவு,
4 ஆகஸ்ட் 1998

அன்புள்ள ஹெனோவேவா,

பால் லாரிக்காரனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தலைநகர் கீத்தோவின் எரிமலை ஆய்வகத்தில் உட்கார்ந்துகொண்டு நீ மஞ்சள் எச்சரிக்கை விட்டதிலிருந்து என் வெந்நீர் ஊற்று விடுதியில் பாதி அறை காலி. கடலடிப் பாறைத்தட்டு நம் நாட்டுக்குக் கீழே நுழைகிறதாம், அது கொண்டுபோகும் நீரால் ஆழத்துப் பாறை உருகி மேலே ஏறித்தான் இந்த மலைகள் முளைத்தனவாம். குளிக்க வந்தவர்கள் சிரிக்கிறார்கள். "உங்க வீட்டம்மா உள்ள போய்ப் பாத்துட்டு வந்தாங்களா?" என்று கேட்கிறார்கள்.

என் நிலத்தில் நீ நட்ட நிலநடுக்கக் கருவியின் சூரியத் தகட்டைக் கழற்றி வரவேற்பறை விளக்குக்கு மாட்டிவிட்டேன். நன்றாக எரிகிறது.

உன் கணவன்,
ஒல்மெடோ


கீத்தோ,
7 ஆகஸ்ட்

ஒல்மெடோ அவர்களுக்கு,

நலம் விசாரிக்க மனமில்லை. இத்தனை வருடம் உங்கள் குளத்தைச் சூடாக்கித் தந்தது அந்த உருகிய பாறைதான். விறகு என்று நினைத்திருந்தீர்களா?

மலை வீங்குகிறது. கந்தகப் புகை இரண்டு மடங்காகிவிட்டது. உச்சிக்கு மிக அருகில் இருக்கும் கருவியைத்தான் நீங்கள் ஊமையாக்கியிருக்கிறீர்கள். ஞாயிறன்று நானே வந்து வேறு தகடு மாட்டுகிறேன். பேச வேண்டாம். விருந்தினரைக் கீழே அனுப்பிவிடுங்கள்.

ஹெனோவேவா


மலைச்சரிவு,
11 ஆகஸ்ட்

ஹெனோவேவா,

வந்தாய், மாட்டினாய், ஒரு வாய் காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டாய். அன்றிலிருந்து சமையல்காரி டெல்ஃபினா என்னைத் தொணதொணக்கிறாள். "ஐயா, அம்மா மொகமே சரியில்ல. ஆளுங்கள அனுப்பிருவோம்." நான் சொன்னேன்: "யாராவது தும்முனாக்கூட அவளுக்கு எரிமலைதான். நீ போய் உருளைக்கிழங்கை உரி."

நேற்றைய சுதந்திர தின விடுமுறைக்கு வந்தவர்கள் இன்னும் குளத்தில்தான் இருக்கிறார்கள். எல்லாரும் சுகம்.

ஒல்மெடோ


கீத்தோ,
19 ஆகஸ்ட்

ஒல்மெடோ,

நீ தங்கியிருக்கும் முகாமுக்கு இதை அனுப்புகிறேன்.

சனிக்கிழமை காலை உன் நிலத்துக் கருவி விடாமல் நடுக்கத்தைப் பதிவு செய்தது. உடனே வானொலியில் சிவப்பு எச்சரிக்கை கொடுத்தோம். உச்சி வெடிக்கும் முன்பே ஊர் காலியாகிவிட்டது, உன் விடுதியைத் தவிர. மிச்சத்தை டெல்ஃபினா சொன்னாள்.

"ஐயா ஜீப்ப எடுத்துக்கிட்டு மொத ஆளா போயிட்டாரும்மா. பின்சீட்டு காலியாத்தான் இருந்துச்சு."

குளத்தில் இருந்தவர்களை ஈரத்துணியோடு, தலையில் சமையல் பாத்திரங்களைக் கவிழ்த்து, சாம்பல் மழைக்குள் நடத்தி இறக்கியவள் அவள்தான்.

நேற்று வானொலியில் உன் குரல் கேட்டேன். "என் மனைவி முன்னாடியே சொல்லிட்டா. அதனாலதான் எல்லாரையும் காப்பாத்த முடிஞ்சுது." நான் மறுப்பு எழுதப் போவதில்லை. அந்த முகாமில் அவித்த சோளம் பரிமாறுவது டெல்ஃபினா. உன் தட்டில் அவள் போடும்போது குளத்திலிருந்து வந்தவர்கள் எல்லாரும் உன்னைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சாப்பிடு.

மனைவி என்று மட்டும் இனி யாரிடமும் சொல்லாதே.

ஹெனோவேவா