இரண்டு பேர் ஏறினால்

உப்புவெளி
10.03.2024

அன்பின் தனாவுக்கு,

இன்று டொக்டர் ஞானசேகரத்திடம் நான் சொல்லாமல் விட்டது இது: உங்கள் அப்பாவின் காரில் இரண்டு பேர் ஏறி இருந்தால் கதவு திறக்காது.

போனில் கதைத்தால் நீங்கள் இடையில் மறிப்பீர்கள். அதனால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

டொக்டர் கார் வாங்க மட்டக்களப்பிலிருந்து மகள் நிருசாவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். ஆவணியில் அவளுக்குக் கலியாணம். மாப்பிள்ளையும் பொம்பிளையும் கோயிலிலிருந்து கூரை திறந்த காரில்தான் வீட்டுக்கு வரவேண்டுமாம். புதுச் சிவப்பு பெயின்றைத் தடவிப் பார்த்தார். தனியே ஏறி இருந்து இறங்கினார். கதவு நன்றாகத்தான் திறந்தது. நிருசா பக்கத்தில் ஏறப் போனபோது மெக்கானிக் சரீப் நானா மறித்தார். "சீற்றில பசை காயேல்ல மகள், சீலை பழுதாப் போயிரும்." அவள் சுரிதார் போட்டிருந்தாள். நீங்கள் பாதியில் விட்டுப்போன வேலையை முடித்த மனிதர், அவருக்கும் களைப்பு.

பிறகு டொக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "கார் எப்பவாவது கடல் தண்ணிக்குள்ள நிண்டதோ, பிள்ளை?"

நான் வாய் திறக்க முதல் நானா, "கடற்கரை ஊர் சேர், உப்புக் காத்துப் படாம இருக்குமோ" என்றார். டொக்டர் சிரித்தார். நான் தேத்தண்ணி ஊற்றப் போனேன்.

மாத முடிவில் வந்து எடுப்பாராம். மாமிக்குச் சந்தோசம்.

கஜந்தி

டோகா
13.03.2024

அன்பின் கஜந்திக்கு,

படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி வாசித்தேன். உம்முடைய எழுத்துச் சிறுத்துக்கொண்டே போகிறது. ஒழுங்காகச் சாப்பிடுகிறீரா?

கேட்டது உம்மிடம், பதில் சொன்னது சரீப் நானா. நீர் பொய் சொல்லவில்லை. சுனாமிக்குப் பிறகு அப்பா அடிச்சட்டம் முழுக்க வள்ளத்துக்குப் போடுகிற பைபரைப் போட்டு மூடினார். இருபது வருடம் நின்றது, ஒரு நாள் ஊர்வலத்துக்கு நிற்காதா? கதவு திறக்காவிட்டால் மேலால் ஏறிக் குதிக்கட்டும், கூரைதான் இல்லையே.

கார் விற்றுப் போனால் அந்தக் காசை நம்பி ஆடியில் ஊருக்கு வந்துவிடுவேன். போகாவிட்டால் இன்னும் இரண்டு வருட வேலைக்கு இங்கே கையெழுத்து வைக்க வேண்டும். உமக்குத் தெரியாததல்ல. தயவுசெய்து பேசாமல் இரும்.

உம்முடைய
தனா

உப்புவெளி
24.03.2024

அன்பின் தனாவுக்கு,

ஏறிக் குதிக்கட்டும் என்று எழுதியதை வாசித்துச் சிரித்தேன். சிரித்துவிட்டு நானாவிடம் காரைத் தூக்கிக் காட்டச் சொன்னேன்.

தூக்க வைத்த ஜக் அடிச்சட்டத்துக்குள்ளேயே போயிற்று. பைபர் முட்டைக் கோது மாதிரி உடைந்தது. உள்ளே இரும்பு இல்லை. மணல் கொட்டியது, ஒரு சிரட்டையளவு கடற்கரை மணல். நானா அதைக் கையில் ஏந்திக்கொண்டு, "அஞ்சு வருசமா இந்த மண்ணுக்குத்தான் தங்கச்சி பெயின்ற் அடிச்சிருக்கம்" என்றார்.

மற்றக் கார்களைக் கூரையும் சேர்ந்து தாங்கும். இதற்கு அடிச்சட்டம் மட்டும்தான், பாரத்தில் அது தொய்வதால்தான் கதவு இறுகுகிறது. ஊர்வலத்தில் அந்த இரண்டு பேரோடு நடு றோட்டில் முறிந்தால்?

டொக்டருக்குப் போன் எடுத்தேன். கடலுக்குள் நின்ற கார், இரண்டு பேர் ஏற ஏலாது என்று சொன்னேன்.  "அண்டைக்கே சொல்லியிருக்கலாமே, பிள்ளை" என்றார். ஓம் என்றேன். அவர் இனி வரமாட்டார்.

உங்களைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னால் செய்ய ஏலாமல் போயிருக்கும். ஆடியில் வருவீர்கள் என்று நம் அறைக்கு வெள்ளை அடித்து முடித்திருந்தேன்.

பதில் எழுதுங்கள். ஏசியாவது எழுதுங்கள்.

கஜந்தி

உப்புவெளி
02.09.2024

அன்பின் தனாவுக்கு,

இரண்டு வருடத்துக்குக் கையெழுத்து வைத்துவிட்டீர்கள் என்று மாமி சொன்னா. எனக்குப் பதில் வரவில்லை. நிருசாவின் கலியாணம் போன கிழமை முடிந்தது. வேறு காரில் வந்தார்களாம்.

நானா பைபர் முழுவதையும் வெட்டி எடுத்துவிட்டுப் புது இரும்பு வைத்து வெல்டிங் பண்ணி ஒட்டினார். நேற்று நானும் அவருடைய மனைவி நஸ்ரியாவும் ஏறி இருந்தோம்.

இரண்டு கதவும் திறந்தன.

கஜந்தி