மண்ணில் உட்கார்ந்தவள்

மார்ச் 9, பிரேயிலா, ருமேனியா

முட்டிக்கு மறுபடி ஐஸ் வைத்துக் கட்டியிருக்கிறேன். காலையில் மீன்கடையில் ஒருத்தன் என்னை உற்றுப் பார்த்துவிட்டுப் பெண்டாட்டியிடம் சொன்னான்: "யாரு தெரியுதா? டிவியில தரையில உக்காந்து அழுதாளே, அவ!"

டென்னிஸ் உலக வரிசையில் நூற்றுமூன்று வரை ஏறியவள் நான். ஊருக்கு ஞாபகம் இருப்பது நான் உட்கார்ந்தது மட்டும். அதுவும் அழவில்லை, கத்தினேன். சரித்திரத்தையாவது ஒழுங்காகச் சொல்லக்கூடாதா?

மார்ச் 10

எழுதியே விடுகிறேன். புக்கரெஸ்ட், சொந்த ஜனங்கள், எனக்கு மேட்ச் பாயிண்ட்: இந்த ஒரு புள்ளி வந்தால் ஜெயம். கோட்டை ஒட்டி அடித்தேன். பந்து கோட்டில் பட்டது. வெளியே என்றார்கள். நடுவர் திபெரியு நாற்காலியிலிருந்து இறங்கி வந்து செம்மண் தரையில் பந்து விழுந்த தடம் என்று ஒன்றை விரலால் காட்டினான். அது என் பந்தின் தடமே இல்லை! எப்போதோ விழுந்த பந்தின் பழைய தடம். விரல் கொஞ்சமாவது நடுங்க வேண்டுமே — ம்ஹூம்.

என் தடத்தைச் சுற்றி ராக்கெட்டால் வட்டம் போட்டு, அதன் நடுவிலேயே உட்கார்ந்துகொண்டேன். இருந்த ஒரே சாட்சியையும் உட்கார்ந்தே அழித்த மகாபுத்திசாலி! அதோடு மேட்சும் போயிற்று. ஜெயித்திருந்தால் முதல் நூறுக்குள் வந்திருப்பேன். அப்புறம் முட்டி விடவில்லை.

மார்ச் 22

லவினியா வந்தாள். வருஷக்கணக்கில் என்னோடு இரட்டையர் ஆடியவள், பிறகு அந்தத் திபெரியுவையே கட்டிக்கொண்டவள். கையில் இனிப்பு ரொட்டி. ஏதோ கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று அப்போதே தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

"எங்க குழந்தைக்கு நீதான் ஞானத்தாய்."

"ஏன், பிரேயிலாவுல வேற பொம்பளையே இல்லியா?"

"ஞானஸ்நானத்துக்குக் கூப்பிட்டா மாட்டேன்னு சொல்லக்கூடாதுடி. பாவம்."

இந்த நாட்டில் யாராலும் மறுக்க முடியாத ஒரே கேள்வி அதுதான். நன்றாகத்தான் சர்வ் போட்டாள். போகிற போக்கில், இந்த வருஷம் திபெரியுவைப் பெரிய போட்டிகளுக்கு நடுவராக எடுத்திருக்கிறார்கள் என்று வேறு சொன்னாள். சந்தோஷமாம்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "அந்தப் படுபாவி பெத்ததையா தூக்கப்போற?"

மார்ச் 23

போக மாட்டேன்.

மார்ச் 24

பெரிய மெழுகுவர்த்தி, வெள்ளைத் துணி, குழந்தைக்குச் சட்டை எல்லாம் வாங்கியாயிற்று.

மே 3

ஒரு பத்திரிகைக்காரன் போனில் பேசினான். பழைய சண்டைகளைப் பற்றித் தொடர் எழுதுகிறானாம். "நடுவரே தப்புன்னு ஒத்துக்கிட்டார்னா சொல்லுங்க மேடம், முதல் பக்கத்துல போடறேன்." ஜூனில் மறுபடி கூப்பிடுவானாம்.

ஒத்துக்கொள்ள வைக்கிறேன். ஞானஸ்நானத்தன்று விருந்தும் பிளம் சாராயமும் இருக்கிறதே.

மே 12

ஞானஸ்நானம். கோயிலில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேற்கு வாசல் பக்கம் திரும்பி நின்றேன். "சாத்தானை விட்டுவிடுகிறாயா?" என்று பாதிரியார் மூன்று தடவை கேட்டார். "விட்டுவிடுகிறேன்" என்றேன். "அவன்மேல் ஊதித் துப்பு" என்றார். குழந்தையைத் துடைக்கத் துண்டோடு சரியாக அந்தப் பக்கம் யார் நிற்கிறார்? திபெரியு!

சத்தியமாக நான் குறி பார்க்கவில்லை. எச்சில் அவன் ஷூவில் விழுந்தது. குனிந்து பார்த்துவிட்டு மெல்லச் சொன்னான்: "உள்ளே."

சிரிப்பு வந்துவிட்டது. கோயிலில்! அவன்மேல் எனக்கு வந்த ஆத்திரம் சொல்லி மாளாது.

விருந்தில் என் கையை முத்தமிட்டு, "நாஷா, எங்க குடும்பத்துக்கு நீங்கதான் இனி பெரியவங்க" என்றான். நாஷா என்றால் ஞானத்தாய்; முறைப்படி அப்படித்தான் சொல்ல வேண்டும். மூன்றாவது கோப்பைக்கு அப்புறம் நேராகவே கேட்டேன்: "அன்னைக்கு நீ காட்டின தடம் எது?"

கோப்பையைக் கீழே வைத்தான். பிறகு: "தெரியாது, நாஷா. இறங்கி வந்து பாத்தா நாலஞ்சு தடம் கிடந்துச்சு. எல்லாரும் என் மூஞ்சியவே பாக்குறாங்க. ஏதோ ஒண்ணைக் காட்டியாகணுமே. காட்டினேன்."

தெரியாதாம்! என் வாழ்க்கையை எடுத்தவனுக்கு எதை எடுத்தோம் என்றே தெரியாதாம். தப்பு என்றாவது சொல்லியிருக்கலாமே, பாவி.

மே 13

வரட்டும் ஜூன்.

ஜூன் 8

நான் சொல்லிக்கொடுக்கும் கிளப்பில் சிறுமிகளுக்குப் போட்டி. நடுவர் கிடையாது, உள்ளே வெளியே என்று அவர்களே சொல்லிக்கொள்ள வேண்டும். கடைசி செட்டில் சண்டை வந்தது. "டீச்சர், நீங்க வந்து பாருங்க!"

போனேன். மண் முழுக்கத் தடம். பந்தை நான் பார்த்திருந்தேன், விழுந்த இடத்தை மட்டும் பார்க்கவில்லை. இரண்டு பிள்ளைகளும், சுற்றி நின்ற பெற்றோர் அத்தனை பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். ஒன்றைக் காட்டினேன். "வெளியே."

சரியான தடமா? தெரியாது. விரல் நடுங்கவே இல்லை.

"அது இல்ல! அது இல்லவே இல்ல!" தோற்றவள் ராக்கெட்டால் வட்டம் போட்டு நடுவே உட்கார்ந்துவிட்டாள். பெற்றோர் போனைத் தூக்கிப் படம் எடுக்க ஆரம்பித்தார்கள்.

"எழுந்திரும்மா, தடம் அழியுது" என்றேன். எனக்குத் தெரிந்த உருப்படியான ஒரே பாடம். அவள் காதில் வாங்கவில்லை. நானும் அன்று வாங்கியிருக்க மாட்டேன்.

சாயங்காலம் பத்திரிகைக்காரன் கூப்பிட்டான். "நடுவர் என்ன சொன்னார் மேடம்?"

"அவர் என்னத்தைச் சொல்றது? நான் சொல்றேன், எழுதிக்குங்க. பந்து வெளியேதான் விழுந்தது."

அம்மா சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள். "அடிப்பாவி! உள்ளதானேடி விழுந்துச்சு, நான் பாத்தேனே!"

"நடுவர் சொன்னா சொன்னதுதாம்மா" என்றேன்.