நாலு மணிக் கையெழுத்து

11 ஜூன் 2007, திங்கள்

விடியும்போதே காற்று. மாடியில் உலர்த்திய போர்வை அடுத்த வீட்டு வேலியில். எடுக்கப் போனால் அங்கேயும் ஆளில்லை, நாய் மட்டும். எதிரில் சிலைப் பட்டறை. பூண்டியில் வீடு என்றால் உளிச் சத்தத்தோடுதான். இப்போதெல்லாம் அது நின்றால்தான் திடுக்கென்கிறது.

செய்ய: காஸ் புக் பண்ண. எலுமிச்சை ஊறுகாயில் பூசணம், கொட்ட. வெள்ளகோவில் தம்பிக்குப் போன். (மூன்றில் ஊறுகாய் மட்டும் நடந்தது.)

நாலு மணிக்கு வழக்கம் போல ஜெபராஜ், பைலோடு. பங்காளிகளோடு பிரிந்த வருஷம் என் வீட்டுக்காரர் பனியன் கம்பெனியை என் பேரில் தொடங்கினார். பேர்தான் என்னுடையது. ஆனால் கஸ்டம்ஸுக்குப் போகும் தாள் எதுவானாலும் என் கையெழுத்து வேண்டும். அதனால் டாக்குமென்ட் செக்‌ஷன் ஜெ. தினமும் சைக்கிளோ வண்டியோ எது கிடைக்கிறதோ அதில் வந்துவிடுவார். சோபாவில் உட்கார மாட்டார். சாப்பாட்டு மேஜைதான். தாளைத் திருப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலை வைப்பார். நான் படித்துவிட்டுத்தான் போடுவேன். அது வரை விரல் அங்கேயே இருக்கும்.

இன்று: ஹாம்பர்க்குக்குக் குழந்தை பனியன். ரோட்டர்டாமுக்கு இரவு உடை. தைவானிலிருந்து வரும் நிட்டிங் மெஷினுக்கு இறக்குமதித் தாள் ஒரு கட்டு.

டீயைக் குடித்து முடித்த பிறகு சொன்னார். அடுத்த வாரத்திலிருந்து எல்லாம் கம்ப்யூட்டராம். ஏற்றுமதியோ இறக்குமதியோ, எந்தத் துறைமுகமோ, எல்லாவற்றுக்கும் ஒரே வழி. கையெழுத்தும் அதிலேயே போட்டுவிடுவார்களாம்.

"அப்ப நீங்க?" என்றேன்.

"எனக்கு இங்க வந்து போற சோலி இருக்காதும்மா."

ஒரு தாளில் கையெழுத்து கோணலாகிவிட்டது. வேறு தாள் மாற்ற வேண்டியிருந்தது.

12, செவ்வாய்

கரண்ட் இல்லை, பத்திலிருந்து பன்னிரண்டு. ஜெனரேட்டர் போட ஆள் கூப்பிட வேண்டும், போடவில்லை. இருட்டில் உட்கார்ந்து முருங்கைக் கீரை உருவினேன்.

சாப்பிடும்போது இவர் நல்ல மனநிலையில். டாலர் இறங்கியதிலிருந்து அபூர்வம். இனிமேல் எனக்குத் தொல்லை இல்லை என்றார். தினமும் ஓர் ஆள் வந்து கழுத்தறுக்க மாட்டானாம். மத்தியானம் நிம்மதியாகத் தூங்கலாமாம். நான் மத்தியானம் தூங்க ஆசைப்பட்டதாக எப்போது சொன்னேன்? கேட்கவில்லை. ரசம் ஊற்றினேன்.

14, வியாழன்

கோவையிலிருந்து ஒரு பையன் வந்தான். டை கட்டியிருந்தான், இந்த வெயிலில். போட்டோ, பான் கார்டு, விலாசத்துக்குப் போன் பில். விரல் நீளத்தில் ஒரு குச்சி கொடுத்தான், டோக்கன் என்று பேர். இதைக் கம்ப்யூட்டரில் சொருகி, ஆறு இலக்க நம்பர் அடித்தால், நான் கையெழுத்துப் போட்ட மாதிரியாம். சட்டப்படி செல்லுமாம். நம்பரை நானேதான் அடிக்க வேண்டும் என்று மடியில் வைக்கும் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினான். தன் முகத்தைச் சுவர்க் காலண்டர் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"இதுதான் உங்க கையெழுத்துங்க மேடம். நம்பரை யாருகிட்டயும் சொல்லக் கூடாது. சார்கிட்டயும்."

இந்த வீட்டில் இப்படி ஒரு வாக்கியத்தை யாரும் என்னிடம் சொன்னதில்லை. இரண்டு தரம் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

என்ன நம்பர் வைப்பது? ஒன்றும் தோன்றவில்லை. போன் இவருடையது, கார் இவருடையது, வீட்டு எண் இவர் வாங்கிய சைட்டுடையது. கடைசியில் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை நம்பர். பெஞ்சில் சாக்பீஸால் எழுதியிருந்தது. அப்படியே ஞாபகம் இருக்கிறது, எனக்கே ஆச்சரியம். அதற்குப் பிறகு எனக்கென்று யாரும் நம்பர் கொடுக்கவில்லை, அடுத்த தை மாதம் கல்யாணம் ஆகிவிட்டது.

டோக்கனை மாலையில் டிரைவர் வந்து வாங்கிப் போனார். நம்பரை யாரும் கேட்கவில்லை.

15, வெள்ளி

கடைசிப் பைல். ஜெ. சட்டை இஸ்திரி போட்டு வந்திருந்தார். டீக்கு முறுக்கு வைத்தேன். அவர் மகள் நாகர்கோவிலில் நர்சிங் இரண்டாம் வருஷம், விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லையாம். அவரைப் பேக்கிங்கில் போட்டுவிட்டார்களாம். அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்ட ஒரு ஆள் வேண்டுமே என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

பேசியது அவ்வளவுதான். எப்போதும் அவ்வளவுதான். எல்லாவற்றையும் கூட்டினாலும் ஒரு கல்யாண வீட்டுப் பேச்சுக்குக் காணாது. தப்பாக ஒன்றும் இல்லை, நினைத்ததும் இல்லை. நான் படித்து முடிக்கிற வரை ஒருவர் காத்திருந்தார். அதை எப்படி யாரிடம் சொல்ல?

18, திங்கள்

நாலு மணி. இரண்டு டம்ளர் டீ போட்டுவிட்டேன். ஒன்றைக் குடித்து இன்னொன்றையும் குடித்தேன். நெஞ்செரிச்சல்.

மகன் பெங்களூரிலிருந்து போன். சாப்பிட்டியா, சாப்பிட்டேன், சரி வெக்கறேன்.

தெருவில் போன இரண்டு பெண்கள், கம்பெனி விட்டுப் போகிறவர்கள்: "நைட்டு ஷிப்டுன்னா பரவால்லடீ, ஊட்ல தனியா கெடக்கறதுக்கு." வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் பெருக்குவது போல நின்று கேட்டேன். தனிமையாக இருக்கிறது. எழுதிப் பார்த்தால் சின்னதாகத்தான் தெரிகிறது.

20, புதன்

பதினொரு மணிக்கு நித்யா போன். கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்க்கும் பெண். முதல் தாள் இன்று போகிறதாம், நம்பர் மட்டும் சொன்னால் போதுமாம், ஒரே நிமிஷமாம்.

"நானே வந்து போடறேன் கண்ணு" என்றேன்.

நீங்களேவா மேடம் என்றாள், இரண்டு தரம்.

கார் அனுப்பச் சொல்லவில்லை. பஸ். நீலப் புடவை. வாட்ச்மேன் வடக்கத்தி ஆள், புதுசு, யாரைப் பார்க்க வேண்டும் என்று இந்தியில் கேட்டு மறித்துவிட்டார். அவருக்குப் பின்னால் சுவரில் கண்ணாடி போட்டு லைசென்ஸ், அதில் என் பேர். அதைக் காட்டினேன். அவருக்குத் தமிழ் படிக்க வராது, எனக்கு இந்தி வராது. நித்யா ஓடி வந்து கூட்டிப் போனாள்.

ஏ.சி. அறை. திரையில் நான் இத்தனை நாள் மேஜையில் படித்ததே: சரக்கு, எடை, துறைமுகம். படித்தேன். நித்யா நாற்காலியில் நெளிந்தாள். ஆறு இலக்கம் அடித்தேன். பச்சையாக ஒரு வரி வந்தது. தூத்துக்குடிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாம், அவ்வளவுதானாம்.

வெளியே வரும்போது பேக்கிங் பக்கம் பார்த்தேன். பெட்டிகளுக்கு நடுவில் ஜெ., கையில் டேப். எழுந்து நின்றார். நானும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வருகிற வழியில் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு பசித்துச் சாப்பிட்டேன்.

21, வியாழன்

இன்றும் போனேன். இவர் அறைக்குக் கூப்பிட்டார். கோபம் இல்லை, கோபம் இருந்தால் பரவாயில்லை. குழந்தையிடம் பேசுகிற மாதிரி.

"தெனமும் இங்க வந்து உக்காந்தீன்னா ஊர்ல என்னன்னு பேசுவாங்க. நம்பரச் சொல்லிப்போட்டு ஊட்ல இரு புள்ள."

"அது என்ற கையெழுத்துங்க" என்றேன்.

இவர் என்னைப் பார்த்தார். பிறகு போன் வந்தது, எடுத்துப் பேசினார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

22, வெள்ளி

காலையில் என்னை உள்ளே வைத்து வாசல் கேட்டைப் பூட்டி டிரைவர் சாவியோடு போய்விட்டார், மறதியாம். போகட்டும்.

மதியம் நித்யா போன், குரலை இறக்கிக்கொண்டு. இவர் நேராகப் போய் உட்கார்ந்து நம்பரைத் தானே கண்டுபிடிப்பதாகச் சொன்னாராம். அடித்துப் பார்த்தவை:

மகன் பிறந்த நாள்.
இவர் பிறந்த நாள்.
எங்கள் கல்யாண நாள். (நித்யா சொன்ன தேதி மாசியில் வருகிறது. நடந்தது தையில்.)
கார் நம்பர், முன்னால் இரண்டு சைபர்.
இவர் செல்லின் கடைசி ஆறு.

அதற்கு மேல் டோக்கன் பூட்டிக்கொண்டது. புதுசுதான் வாங்க வேண்டுமாம், மறுபடி நானே நேரில் இருக்க வேண்டுமாம். கன்டெய்னர் தூத்துக்குடியில் நிற்கிறது, கப்பல் ஞாயிறு.

என் பிறந்த நாளைப் போடவில்லையா என்று கேட்டேன், சும்மா.

"நான் கேட்டேனுங்க மேடம். சாருக்கு ஞாபகம் இல்லீங்க."

தெரியும். ஆனாலும் கேட்டிருக்கக் கூடாது. சாயந்தரம் வரை ஒரு வேலையும் ஓடவில்லை, துவைத்ததையே துவைத்தேன்.

23, சனி

காற்றோடு தூறல். கம்ப்யூட்டரில் கோளாறு என்றால் கஸ்டம்ஸில் இந்த ஒரு வாரம் தாளிலும் வாங்குவார்களாம். அதனால் நாலு மணிக்கு ஜெபராஜ், பழைய பைலோடு.

சந்தோஷம். மறைக்க என்ன இருக்கிறது, இந்த நோட்டை யார் பார்க்கப் போகிறார்கள். உள்ளே போய் முகம் கழுவி வந்தேன். டீயில் ஏலக்காய்.

ஆனால் ஜெ. டீயைத் தொடவில்லை. நான் படிக்கும்போது விரல் மட்டும் இருந்தது. பைலைக் கட்டிவிட்டு எழுந்து நின்று சொன்னார்.

"நம்பரச் சொல்லிருங்கம்மா. நான்தான் உங்களுக்குச் சொல்லிக் குடுத்தேன்னு முதலாளி நெனைக்காவ. வேல போயிருமேன்னு நான் செஞ்ச வேலையாம். திங்கக்கிழம கணக்கு முடிச்சிக்கிடச் சொல்லிட்டாவ."

நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே என்றேன். நான் சொல்லவில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள் என்றார். பிறகு:

"தெனமும் வந்து போனேன்லா. அதையும் சேத்துப் பேசுதாவ."

நாலு மணியைப் பற்றி வெளியே பேச்சு இருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. அவருக்கு மகள் படிப்பு இருக்கிறது. எனக்கு என்ன இருக்கிறது, பிடிவாதம். ஆறு இலக்கத்துக்கு ஒரு மனுஷனின் சோற்றில் மண் போடுவதா?

பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் போங்கள் என்றேன். ஆறிய டீயை நின்றபடியே குடித்துவிட்டு, டம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனார். இத்தனை வருஷத்தில் அப்படிச் செய்ததில்லை.

24, ஞாயிறு

இவரிடம் பேசினேன், ராத்திரி டிபன் வைத்துவிட்டு. ஜெபராஜுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அந்தக் கோவைப் பையன் சொன்னதை நான் அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டேன், விவரம் தெரியாமல் செய்துவிட்டேன் என்றேன். விவரம் தெரியாமல் என்றதும் இவர் முகம் இளகியது. அந்த ஆள் வேலையில் இருக்கட்டும், சொல்லிவிடுகிறேன் என்றார். நம்பரைக் கேட்கவில்லை. ஒரு தரம் கேட்டாயிற்று, தானே அடித்துப் பூட்டும் விழுந்தாயிற்று, அந்த வீம்பு. ஆம்பளை ரெண்டாம் தரம் கேட்பதா.

இட்லி நாலு சாப்பிட்டார். சரக்கு ஏறிவிட்டதாம், கப்பலும் போய்விட்டதாம்.

25, திங்கள்

கோவைப் பையன், அதே டை, புது டோக்கன். இந்த முறை கம்பெனியிலேயே. இவர் பெரிய மனசோடு வெளியே போய் நின்றார். பையன் முகத்தைத் திருப்பிக்கொண்டு அதே வாக்கியத்தைச் சொன்னான், யாரிடமும் சொல்லக் கூடாது.

சொல்ல மாட்டேன். கொடுத்த வாக்கு. இவர் பிறந்த நாளை அடித்தேன். கேட்காமலே திறந்துகொள்ளட்டும். எஸ்.எஸ்.எல்.சி. நம்பரை விரல் தானாக அடிக்கப் போனது, நிறுத்தி அழித்தேன்.

ஜெ. பேக்கிங்கில் இருந்தார். வேலை இருக்கிறது. இந்தப் பக்கம் பார்க்கவில்லை. அதுதான் சரி.

26, செவ்வாய்

காற்று அடங்கிப் புழுக்கம். காஸ் வந்தது. கோதுமை அரைக்கக் கொடுத்தேன். மத்தியானம் படுத்துப் பார்த்தேன், தூக்கம் வரவில்லை.

ஏழு மணிக்கு இவர் வந்தார், செருப்பைக் கழற்றும் முன்பே சிரிப்பு. புது டோக்கனை இன்று போட்டாராம். மேடத்துக்குப் போன் பண்ணட்டுமா என்று நித்யா கேட்டாளாம், வேண்டாம் என்று தானே உட்கார்ந்தாராம். ஒரே தடவையாம். எடுத்த எடுப்பில் திறந்துகொண்டதாம். ஆபீசே அசந்துவிட்டதாம்.

சாப்பிட உட்கார்ந்தும் அந்தப் பேச்சு விடவில்லை. மகனுக்குப் போன் போட்டு அவனிடமும் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி:

"இத்தன வருசம் குடும்பம் நடத்தி, உன்ற மனசு எனக்குத் தெரியாதா புள்ள?"

ஆமாங்க என்றேன்.