கூரையிலிருந்து கழற்ற மாட்டேன்

இன்று காலை ஆய்வகத்தில் சூடாக்கி ஒட்டும் இயந்திரத்தைத் திறந்ததும் ரப்பர் வாடை முகத்தில் அடித்தது. சோலார் செல்லின் இரண்டு கண்ணாடிகளையும் ஓரத்தில் சேர்த்து ஒட்டும் கறுப்பு நாடாவின் வாடை. முதல் தடவை அதை முகர்ந்தபோது நீ சொன்னாய்: "நம்ம ஆளுங்க தலைமுறை தலைமுறையா தோட்டத்துல ரப்பர் வெட்டுனாங்க. நாம படிச்சுக் கிழிச்சு இப்ப ரப்பர் ஒட்டுறோம்." இது மரத்து ரப்பர் இல்லை, ஃபேக்டரி ரப்பர் என்று நான் திருத்தினேன். "ரப்பர் ரப்பர்தான்லா" என்று என் வாயை அடைத்துவிட்டாய்.

ஒட்டிய இரண்டு செல்களும் ஆறுவதற்குள் ஆய்வகத் தலைவர் கூப்பிட்டுவிட்டார். உன் வீட்டுக் கூரையில் நாம் மாட்டியவற்றைக் கழற்றிக்கொண்டு வர வேண்டுமாம். அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

பெரோவ்ஸ்கைட்டை நாம் கையில் எடுத்த நாட்களை நினைத்துப் பார்க்கிறேன். மையைப்போலப் பூசிக் காயவைத்தால் வெயிலை மின்சாரமாக்கும் பொருள். கனத்த சோலார் பலகைகளைத் தாங்காத தோட்டத் தொழிலாளர் லயத்துத் தகரக் கூரைகூட இதைத் தாங்கும் என்று முதலில் சொன்னவள் நீ. லயத்தில் பிறந்தவளுக்குத்தான் அது தோன்றும். ஆனால் இதற்கு ஈரம் ஆகாது. கொஞ்சம் ஈரம் புகுந்தாலும் கறுப்புப் படலம் மஞ்சளாகிச் செத்துப்போகும். அப்படிப்பட்ட பொருளை உன் ஊரான பத்தாங் பெர்ஜுந்தாய் மழையில் வாழவைக்கக் கிளம்பிய பைத்தியங்கள் நாம் இரண்டு பேர்தான்.

ஆய்வகத்தின் ஈரப் பெட்டியில் நன்றாகத் தாங்கிய செல்களை உன் அம்மாவின் சமையற்கட்டுக் கூரையில் மாட்டினோம். சில வாரங்களிலேயே எல்லாம் மஞ்சள். நான் தலையில் கைவைத்துக்கொண்டேன். உன் அம்மாவோ, "மஞ்சளா மாறிடுச்சா? நல்லதுதானே, வெள்ளிக்கிழமை அதுவுமா," என்று சொல்லி, இறக்கிவைத்த செல்லுக்குக் குங்குமமும் வைத்துவிட்டார். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அந்தப் பொட்டோடுதான் அது நுண்ணோக்கிக்குப் போனது.

மறுநாளே நீ கூரையில் ஏறி உட்கார்ந்துவிட்டாய். "பெட்டியில சூடும் ஈரமும் ஒரே மாதிரி நிக்குது. இங்க அப்படியா இருக்கு?" என்றாய். மத்தியானம் கைவைக்க முடியாமல் கொதிக்கிற தகரம், மழை கொட்டியதும் சட்டென்று குளிர்ந்துவிடுகிறது. அந்த நேரத்தில் ஓர ரப்பர் சுருங்கி, கம்பி வெளியே வரும் இடத்தில் மயிரிழை அளவு விலகுகிறது. ஈரம் நுழைந்தது அந்த வழியாகத்தான். நீ கம்பியின் பாதையை மாற்றினாய், படலத்தின்மேல் இன்னொரு மெல்லிய பூச்சும் கொடுத்தாய். அதனால் மின்திறன் சற்றுக் குறைந்தது. நான் முகம் சுளித்தேன். "குறையட்டும். ஒரு வாரம் நெறைய பால் கறந்துட்டு செத்துப்போற மாட்ட எவன்டி வாங்குவான்?" என்று கேட்டாய்.

அந்தப் புதிய செல்களைக் கூரையில் மாட்டி முடிப்பதற்குள் நோய் உன்னைப் பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் உன் கேள்வி ஒன்றுதான்: "கறுப்பா இருக்கா?" இருக்கிறது என்றேன். உன்னைத் தேற்றுவதற்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே இருந்தது. நீ போன பிறகு வந்த மழைக்காலத்தையும் தாண்டிவிட்டது.

இன்று காலை கூப்பிட்ட தலைவருக்கு அது போதவில்லை. "திறன் கூடுன செல்லத்தான் மேல கொண்டு போகணும். அத வறண்ட ஊர்ல டெஸ்ட் பண்ணிக்கலாம். கூரையில இருக்கறதெல்லாம் கழட்டிடுங்க. அவங்களும் இல்ல, இனிமே எதுக்கு?"

"அவதான் இல்ல டாக்டர். செல்லு இருக்கு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் நிறுத்தவில்லை. "வறண்ட ஊர்க்காரங்க அவங்க கூரைக்கு அவங்க பாத்துக்குவாங்க. நம்ம கூரைக்கு யாரு பாக்கறது?"

"இப்படிப் பிடிவாதம் பிடிச்சா அடுத்த திட்டத்துல உங்களுக்கு இடம் இருக்காது," என்றார்.

சரி, இடம் வேண்டாம் என்றேன். அத்தனை வருட உழைப்பை ஒரு சொல்லில் தூக்கிப் போட்டுவிட்டேனோ என்று பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் திரும்பிப் போய் மன்னிப்புக் கேட்கத் தோன்றவில்லை. காலையில் ஒட்டிய இரண்டையும் எடுத்துக்கொண்டு மத்தியானமே உன் வீட்டுக்குக் கிளம்பினேன். என் செலவில், என் கையால் செய்தவை, யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

ஆய்வகத்திலிருந்து உன் அம்மாவுக்குப் போன் போயிருக்கிறது. வாசலிலேயே நின்றிருந்தார். "கழட்ட வந்தியாம்மா?"

"இல்லம்மா. இன்னும் ரெண்டு மாட்ட வந்தேன்."

 உன் அம்மா பின்பக்கம் போய் ஏணியை இழுத்துவந்து சுவரில் சாய்த்தார். "ஏறு. நான் புடிச்சிக்கிறேன்."

உயரம் என்றால் எனக்கு நடுக்கம் என்று உனக்குத் தெரியும். எப்போதும் ஏறுகிறவள் நீ, கீழே நிற்பவள் நான். இன்று ஏறினேன். உன் பிடிவாதம் மொத்தமும் இப்போது என்னிடம்தான் இருக்கிறது, யார் கேட்டாலும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. தகரம் காலைச் சுட்டது. இரண்டையும் மாட்டி முடித்தபோது மேற்கே மழை கட்டிக்கொண்டிருந்தது. "எறங்கிடும்மா, நனையப்போற," என்று உன் அம்மா கூப்பிட்டார்.

நான் இறங்கவில்லை.